அரிசி விற்கப் போய் சோழரிடம் மாட்டிக்கொண்டேன். உங்களுக்கு எப்படி?

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மூன்று ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி என்று இரண்டு பாரம்பரிய நெல் போடுகிறோம். நெல்லாகக் கொடுத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. அதனால் அரைத்து ஒரு கிலோ பையில் போட்டு நாமே விற்கலாம் என்று இறங்கினோம். வயல் வீட்டுக்காரர் பொறுப்பு, விற்பது என் பொறுப்பு.

பையில் என்ன அச்சடிப்பது என்று பேச்சு வந்தபோது, டிசைன் போட்டுக் கொடுத்த தம்பி, "அக்கா, இப்பல்லாம் கதை இருந்தாத்தான் சரக்கு போகும்" என்றான். அவனே எழுதியும் கொடுத்தான்: ‘சோழ மன்னர்கள் உண்ட அரிசி’. பின்னால் பெரிய கோயில் கோபுரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 500 பை அடித்துவிட்டோம்.

தஞ்சாவூரில் ஒரு கண்காட்சியில் மேஜை போட்டேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையை முழுக்கப் படித்தார். "எந்தச் சோழன்மா? கரிகாலனா, ராஜராஜனா?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. "பெரிய கோயில் சுவர் பூரா எழுத்துதான். யார் விளக்கு எரிக்க எத்தனை ஆடு கொடுத்தாங்கங்கிறது வரைக்கும் வெட்டி வச்சிருக்கான். இந்த அரிசி எந்தக் கல்வெட்டுல இருக்கு?"

சரி, இது எடுபடாது என்று அடுத்ததை எடுத்தேன். மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டினால்தான் பெண் கொடுப்பார்கள், அந்தத் தெம்புக்குத்தான் இந்த அரிசி, அதனால்தான் இந்தப் பேர் என்று. பாதிகூட முடியவில்லை. "அந்தக் கல்லை இதோட நாலாவது கடையா தூக்கிட்டு வர்றேன்மா" என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். அந்த வரிசையில் பாரம்பரிய அரிசி விற்ற எல்லாரும் அதே கல்லைத்தான் தூக்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவரே கேட்டார்: "உன் வயலுக்கு இது எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு."

அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். அதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்தேன். 2012ல் மாமனார், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போனார். அங்கே இரண்டு கிலோ விதைநெல் சும்மா கொடுப்பார்கள். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாமனார் மஞ்சள் பையோடு வந்து நின்றதும் மாமியார், "மூணு ஏக்கருக்கு ரெண்டு கிலோவா? கோழிக்குப் போடவா?" என்று கேட்டாராம். பம்புசெட்டை ஒட்டிய துண்டு வயலில் ஆவணியில் விதைத்தார்கள். பயிர் நெஞ்சுயரம் வளர்ந்தது, கார்த்திகை மழையில் அப்படியே படுத்தது. மாமனார் சேற்றில் இறங்கி நாலைந்து தூராகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினார். தையில் அறுத்தபோது, வீட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னாலேயே மாமியார் நான்கு கிலோவை அளந்து தனியாக எடுத்து வைத்துவிட்டார். கோழிக்குப் போடவா என்று கேட்டவர்தான்.

வாத்தியார் நின்றபடியே கேட்டார். ஒரு கிலோ வாங்கினார். போகும்போது, "அந்தக் கோபுரத்தை எடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சப் பைகளில் சோழர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். ‘இரண்டு வாங்கி நான்கு கொடுத்த நெல்’ என்று ஐந்து வரி. விற்பனை ஓகோ என்று ஆகிவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சோழரைப் படித்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கீழே வைத்துவிடுவார்கள். இதைப் படிப்பவர்கள் கேள்வி கேட்கிறார்கள். "அந்த நாலு கிலோவை அப்புறம் யார் வாங்கிட்டுப் போனாங்க?" "சாஞ்ச நெல்லுல பதர் விழாதா?" பேசி முடிக்கும்வரை பை அவர்கள் கையிலேயே இருக்கிறது.

ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. வாங்கியவர்களில் பாதிப்பேர் ‘வேகவே இல்லை’ என்று போன் செய்தார்கள். மாமனார் கதை முழுக்கச் சொன்ன நான், ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை! இப்போது அந்த வரிதான் பையில் பெரிய எழுத்து.

டெல்டாவில் கடை, பட்டறை, தோட்டம் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

நாச்சியார்கோயில், குத்துவிளக்குக் கடை

அக்கா, எங்கள் தொழிலில் பித்தளை எடைக்குத்தான் விலை. வந்ததும் "கிலோ என்ன?" என்பார்கள், சொன்னதும் வேறு ஊர் மெஷின் விளக்கின் விலையைச் சொல்லிப் பேரம் ஆரம்பிப்பார்கள். நானும் காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பது, புவிசார் குறியீடு வாங்கியது, மேலே ஏன் அன்னம் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்பார்கள். கேட்டுவிட்டு மறுபடி "கிலோ என்ன?"

ஒரு நாள் ஓர் அம்மா பழைய விளக்கைப் பாலிஷ் போடக் கொண்டுவந்தார். எங்கள் தாத்தா காலத்தில் வாங்கியது. அடித்தட்டைத் திருப்பினால் அவருடைய மாமியார் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. பக்கத்தில் மகளுக்கு விளக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் அதை வாங்கிப் பார்த்தார். அதோடு பேரம் நின்றுவிட்டது. "எங்க பொண்ணு பேரையும் இப்படி வெட்டிக் கொடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து நான் கதை சொல்வதைக் குறைத்துவிட்டேன். ஆள் வந்ததும், "யார் பேர் வெட்டணும்?" என்று கேட்கிறேன். அவ்வளவுதான், அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். மகள் கல்யாணம், புது வீடு, அம்மாவின் அறுபது. பாதி நாள் எனக்கு டீ ஆறிப்போகிறது. போன வாரம் ஒருவர் இரண்டு பெயர் சொன்னார், இரண்டு மகளுக்கும் சேர்த்து ஒரே விளக்காம். "நாளைக்குச் சண்டை வரும் சார், ரெண்டா வாங்கிடுங்க" என்றேன். அது வியாபாரத்துக்காகச் சொன்னதில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

தஞ்சாவூர், பொம்மைக் கடை

எனக்கு நேர்ந்தது சின்னது. டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தலையாட்டி பொம்மையின் கதையைச் சரபோஜி மன்னரிலிருந்து ஆரம்பித்தேன். பத்து நிமிஷம். நாயக்கர்களுக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். மொத்தப் பேரும் கிளம்பினார்கள். ஒரு குழந்தை மட்டும் பொம்மையைத் தட்டி விட்டது. அது விழப்போய் எழுந்து நின்றது. குழந்தை மறுபடி தட்டியது. அந்த ஒன்றுதான் அன்றைக்குப் போணி.

இப்போது முதலில் பொம்மை கைக்குப் போய்விடும். "ஏன் விழ மாட்டேங்குது?" என்று அவர்களாகக் கேட்டால், அடி உருண்டை, கனம் எல்லாம் அங்கேதான் என்று காட்டுவேன். சரபோஜி கேட்டால் மட்டும்.

பேராவூரணி, செக்கு எண்ணெய்

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் தோப்பில் ஒரே ராத்திரியில் முக்கால்வாசித் தென்னை சாய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் மிஞ்சிய மரத்துத் தேங்காயில் எண்ணெய் ஆட்டி விற்க ஆரம்பித்தபோது, பாட்டிலில் ‘புயலில் தப்பிய மரங்களின் எண்ணெய்’ என்று போட்டேன். சாய்ந்த தோப்பின் போட்டோவும். பொய் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. விலைகூடக் கேட்காமல் வாங்கினார்கள்.

2022ல் ஒரு பழைய வாடிக்கையாளர் போனில், "தம்பி, உங்க மரமெல்லாம் இன்னுமா விழுந்து கிடக்கு?" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் எண்ணெய்க்காக வாங்கவே இல்லை, நான் பாவம் என்று வாங்கியிருக்கிறார். எவ்வளவு நாளைக்குப் பாவப்படுவார்? அதைவிட, என் வரப்பை ஒட்டிய தோப்புக்காரருக்கு ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. அவரிடம் செக்கும் இல்லை, பாட்டிலும் இல்லை. அவர் தோப்பும் சேர்ந்து தெரிகிற போட்டோவைப் போட்டு நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தப் போட்டோவை எடுத்துவிட்டேன். ஆர்டர் குறைந்தது, நன்றாகவே குறைந்தது. இப்போது புயலுக்கு அப்புறம் வைத்த கன்றுகளைப் பற்றித்தான் வாட்ஸப்பில் போடுகிறேன். வண்டு குடைந்தது, எந்தக் கன்று பட்டது என்பதெல்லாம். முதல் பாளை விட்ட அன்றைக்குப் போட்டோ போட்டேன். எண்ணெய் வாங்கி இரண்டு வருஷமான ஓர் அக்கா, "அப்பாடா" என்று மட்டும் பதில் போட்டிருந்தார். மறுநாள் இரண்டு லிட்டர் ஆர்டர் வந்தது. வரப்புக்காரர் தேங்காயையும் இந்த வருஷத்திலிருந்து நான்தான் எடுக்கிறேன்.

மயிலாடுதுறை, வாங்குகிறவன்

விற்பவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கதையைக் கேட்டு நொந்தவன் நான். நெடுஞ்சாலையில் எங்கே திரும்பினாலும் கும்பகோணம் டிகிரி காபி. பித்தளை டவரா, டம்ளர், வாசலில் பழைய சைக்கிள். ‘டிகிரி’ என்றால் என்ன என்று இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர் பாலுக்குப் போடும் டிகிரி என்றார், இன்னொருவர் முதல் டிக்காஷன் என்றார். இருக்கட்டும். காபி வெந்நீர் மாதிரி இருந்தால் பித்தளை என்ன செய்யும்?

இன்னொன்று. ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று ஒரு பருப்புப்பொடி வாங்கினேன். அதே கடையில் அடுத்த தட்டில் வேறு கம்பெனி ஊறுகாய், அதிலும் அதே பாட்டி! அதே மூக்குத்தி, அதே சிரிப்பு. பாவம், இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறார் போல.

அரிசி அக்காவிடம் ஒரு கேள்வி. மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே, அதைப் போட்டால் இன்னும் போகாதா? எங்கள் வீட்டில் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

திருத்துறைப்பூண்டி (ஆரம்பித்தவள்)

எல்லாருக்கும் நன்றி. பேராவூரணித் தம்பி எழுதியதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். எங்களுக்கும் அந்த ராத்திரிதான்.

மயிலாடுதுறை அண்ணன் கேட்டதற்குப் பதில்: போட்டோம். பையில் இல்லை, வாட்ஸப்பில். ‘சர்க்கரையை விரட்டும் மாப்பிள்ளைச் சம்பா’ என்று யாரோ அனுப்பியதை நான் அப்படியே என் ஸ்டேட்டஸில் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு பெண் போன் செய்தார். அவருடைய அப்பா, "அதான் அரிசி மாத்தியாச்சே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றைக்கே எடுத்துவிட்டு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "இது அரிசி, மருந்து இல்லை, டாக்டர் சொன்னதை நிறுத்தாதீங்க" என்று சொன்னேன். ஒரு நாள் முழுக்க அதே வேலை. நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்யவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த அப்பா மறுபடி மாத்திரை போடுகிறார். அரிசியும் வாங்குகிறார், கஞ்சிக்கு.

இன்னொன்று சொல்ல மறந்தேன். அந்த வாத்தியார் போன மாதம் மறுபடி வந்தார். புதுப் பையைப் படித்தார். "நாலு கிலோ திருப்பிக் கொடுத்தோம்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். எதிர்பார்த்துத்தான் இருந்தேன். மாமியாரின் பழைய கணக்கு நோட்டைப் பையில் வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். பால் கணக்குக்கு நடுவில், ‘நெல்லு 2 வாங்குனது. 4 குடுத்தாச்சு. பாக்கி இல்ல’ என்று இருந்தது. அவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேதி போடாம விட்டுட்டாங்களே" என்றார். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "மேல பால் கணக்குல வைகாசின்னு எழுதியிருக்கே, அதை அந்த வாத்தியார் பாக்கலையாக்கும்?" என்றார்.