ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் ஞாபகத்தை வீட்டுக் கருவிகளால் கவனிக்க முடியுமா?

கேள்வி (சென்னை):
வணக்கம். 78 வயதான என் அம்மா கல்லிடைக்குறிச்சி வீட்டில் தனியாக இருக்கிறார்கள். சென்ற மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது சொதி வைத்தவர்கள், அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் நேரத்தில் சேர்க்க வேண்டிய முதல் தேங்காய்ப்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டு, அது திரிந்த பிறகும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள். ஐம்பது வருடம் சொதி வைத்த கை அது. கேமரா மாட்ட எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

பதில் (அம்பாசமுத்திரம்):
உண்டு, தம்பி. அமெரிக்காவில் ஆரிகன் மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், முதியோர் வீடுகளில் ஆள் நடக்கும் வழியில் அகச்சிவப்பு சென்சார்களை வரிசையாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து அடுத்ததைக் கடக்க ஆகும் நேரத்தைக் கொண்டு நடைவேகத்தை அன்றாடம் கணக்கிட்டார்கள். வேகம் மெல்லக் குறைந்து வருவதும், அந்த வேகத்தின் ஏற்ற இறக்கம் மாறிப்போவதும் ஆரம்பநிலை அறிதிறன் குறைபாட்டோடு, அதாவது ஞாபகமும் சிந்தனையும் லேசாகக் குறையத் தொடங்கும் நிலையோடு, சேர்ந்து வருவதாகக் கண்டார்கள். இந்த சென்சார் உடற்சூட்டின் அசைவை மட்டுமே உணரும். படமோ பேச்சோ பதிவாகாது. ரேழியிலிருந்து அடுக்களை வரை நீளும் நம்மூர் வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். அம்மாவின் இன்றைய நடையை அவர்களுடைய பழைய நடையோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால், சில மாதப் பதிவாவது சேரும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். வைஃபை கருவியை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். மின்வெட்டில் அது அணைந்தால், அம்மா நடமாடவே இல்லை என்பதுபோலப் பதிவு காட்டும்.

பதில் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனால் சென்சார் மாற்றத்தைக் காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. என் அப்பா இரவில் பலமுறை எழுந்து நடப்பதைப் பதிவில் பார்த்து, மறதிநோய் என்றே நாங்கள் கலங்கிப்போனோம். பரிசோதித்தபோது பி12 சத்து மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்ட பின் நல்ல தெளிவு வந்தது. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதிபோலத் தோன்றக்கூடும். ஆகவே இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ முதலில் அழைத்துச் செல்லுங்கள். சொதி திரிந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். நன்கு பழகிய வேலையில் வரிசை தப்புவது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி. இன்னொன்று, அம்மாவுக்குத் தெரியாமல் எதையும் மாட்டிவிடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் பேசினேன். பூஜை அறையில் மட்டும் வேண்டாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் புறப்படுகிறேன். இரத்தப் பரிசோதனையை முடித்த பிறகே சென்சார் வாங்குவேன்.