அம்ப்ரோசியா வண்டுக்குத் தமிழ் வேண்டும், திங்களுக்குள் (இணைய இழை; எழுதுபவர்கள் ஊர்ப்பெயரில்)

அட்டன்:
வணக்கம். உயர்தர உயிரியல் வகுப்புக்குத் தேயிலைத் துளைப்பான் பற்றிய குறிப்பைத் திங்கட்கிழமை பிரதியெடுக்கக் கொடுக்க வேண்டும். 1868இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஐக்ஹோஃப் இலங்கை மாதிரியை வைத்து விவரித்த வண்டு. சைலெபோரஸ் என்ற சாதியை 1864இல் நிறுவியவரும் அவர்தான். இப்போது இந்த வண்டை அதிலிருந்து எடுத்து யூவாலேசியா என்ற சாதியில் சேர்த்திருக்கிறார்கள். இதுபோன்ற வண்டுகளின் கூட்டம் முழுவதற்கும் அம்ப்ரோசியா வண்டு என்று பெயர். தமிழில் என்ன எழுதட்டும்?

கண்டி:
மரந்தின்னி. கிரேக்கத்தில் சைலான் என்றால் மரம், போரொஸ் என்றால் விழுங்குவது. அப்படியே பொருந்துகிறது.

பண்டாரவளை:
ஐயா, பெயர் பொருந்துகிறது, வண்டு பொருந்தவில்லை. அது மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு வாதை, அதாவது கிளையை, துளைத்துத் தூளை வெளியே தள்ளிவிடும். வாயருகே பையில் கொண்டுவந்த பூஞ்சையைச் சுரங்கத்தில் வளர்க்கும். குஞ்சுகளுக்கும் அதே சாப்பாடு. அந்தப் பூஞ்சைக்குத்தான் அம்ப்ரோசியா, தேவர் உணவு, என்று பெயர் வைத்தார்கள். அமுத வண்டு என்று எழுதுங்கள் மிஸ்.

கண்டி:
அமுதம் வடமொழி. அமிர்தமும் அம்ப்ரோசியாவும் ஒரே வேரில் பிறந்தவை, இரண்டுக்கும் சாவின்மைதான் பொருள். அதற்கு ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொள்ளலாம். பூஞ்சைத்தும்பி எப்படி? தொல்காப்பிய மரபியல் தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவு உயிர் என்கிறது.

நாவலப்பிட்டி:
இன்றைய பிள்ளைக்குத் தும்பி என்றால் குளத்தடியில் பறப்பது. சோதனையில் படம் கீறச் சொன்னால் கண்ணாடிச் சிறகோடு கீறிவைக்கும். வாது முறிவதற்கு அமுதம் என்றால் தோட்டத்தில் சிரிப்பார்கள் என்பதும் இருக்கட்டும். பூஞ்சையா பங்கசா? பாடநூலில் பங்கசு.

சென்னை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மிஸ் 'சாதி' என்று எழுதியிருப்பது பேரினத்தையா (genus)?

அட்டன்:
ஆமாம், எங்கள் பாடநூலில் அப்படித்தான். அதற்கு மேலே குடும்பம், அதற்கும் மேலே வருணம் (order).

சென்னை:
வருணமுமா! வகுப்பில் சங்கடமாக இல்லையா?

நாவலப்பிட்டி:
சங்கடம்தான். பரீட்சைத் தாளில் அதுதான் வருகிறது. பேரினம் என்று எழுதினால் புள்ளி யார் போடுவது? இங்கே இனம் என்ற சொல் மட்டும் இலேசானதா? சரி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

பண்டாரவளை:
பங்கசு வளர்ப்பு வண்டு. நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

தலவாக்கலை:
தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குத் துளைப்பான் போதும். மிலாறை, அதாவது சிறு கிளையை, முறித்துப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

அட்டன்:
துளைப்பான் ஒரு வண்டின் பெயர் அண்ணா, எனக்குக் கூட்டத்தின் பெயர் வேண்டும். நேரமில்லை. பங்கசு வளர்ப்பு வண்டுகள் என்றே போடுகிறேன், முதல் தடவை மட்டும் அடைப்புக்குள் அம்ப்ரோசியா.

கண்டி:
போடுங்கள். ஆனால் பங்கசு தமிழே இல்லை என்ற என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும். பூஞ்சணம் என்று நல்ல சொல் இருக்கிறது, அதன் வேரை விரிவாக நாளை எழுதுகிறேன்.