கம்பெனி நடத்துகிறவரிடம் நாட்டைக் கொடுக்கலாமா?

அகிலன்:

2025 மார்ச் 29 அன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஊர்களில் எலான் மஸ்க்கின் டெஸ்லா ஷோரூம்களுக்கு முன்னால் மக்கள் பதாகையோடு நின்றார்கள். ஜூன் 14 அன்று 'ராஜாக்கள் வேண்டாம்' என்று அமெரிக்கா முழுக்கப் பேரணி, அக்டோபர் 18 அன்று அதே பெயரில் மறுபடியும். எல்லாம் டிரம்ப் எதிர்ப்பு என்றே செய்திகளில் படிக்கிறோம். எனக்கு அது அரைக் கதையாகப் படுகிறது. அந்தக் கோபத்தில் ஒரு பெரிய பங்கு, யாரும் ஓட்டுப் போடாமலேயே ஆட்சிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் மேல்.

இது திடீரென்று முளைத்ததும் இல்லை. பேபால் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல், சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று இனி நம்பவில்லை என 2009-இலேயே எழுதிவிட்டார். அவர் தரப்பு முதலீடு செய்த மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர் கர்ட்டிஸ் யார்வின். 2007 முதல் புனைபெயரில் வலைப்பதிவு எழுதியவர். நாட்டைக் கம்பெனி போல நடத்த வேண்டும், மேலே ஒரு சி.இ.ஓ. ராஜா, இருக்கிற அரசு ஊழியர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். ஏதோ கிறுக்கல் என்று விட்டிருக்கலாம். ஆனால் 2022-இல் ஒஹையோ செனட் தேர்தலில் ஜே.டி. வான்ஸுக்காகத் தீல் 1.5 கோடி டாலர் இறக்கினார். 2024-இல் டிரம்ப் தரப்புக்காக மஸ்க் செலவழித்தது 25 கோடி டாலருக்கு மேல். யார்வினைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டிய வான்ஸ் இன்று துணை ஜனாதிபதி.

மக்கள் கோபம் நியாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நள்ளிரவு நிரலாளன்:

வந்துவிட்டேன். தீலின் அந்த 2009 கட்டுரையில் ஒரே ஒரு வரியை எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மீதியில் தீல் பேசுவது தப்பித்துப் போவதைப் பற்றி: இணையவெளி, விண்வெளி, கடல்மேல் மிதக்கும் ஊர். யாருடைய வாக்குரிமையையும் பறிக்கச் சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். விலகிப் போகிறேன் என்பவன் எப்படி சர்வாதிகாரி ஆவான்?

இவர்களுக்கு ஜனநாயகம் ஏன் அலுத்தது என்றும் கேளுங்கள். கலிபோர்னியா அதிவேக ரயிலுக்கு 2008-இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தார்கள். சுமார் 3,300 கோடி டாலர், 2020-இல் ஓடும் என்றார்கள். மதிப்பீடு 10,000 கோடியைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு பயணிகூட ஏறவில்லை. அதே காலத்தில் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டை நின்ற நிலையில் தரையிறக்கிக் காட்டியது. விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்ல 2014-இல் நாசா போயிங்குக்கு 420 கோடி டாலரும் ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடியும் ஒதுக்கியது. 2024-இல் சுனிதா வில்லியம்ஸ் போயிங் கலத்தில் மேலே போனார். 2025 மார்ச்சில் யாருடைய கலத்தில் கீழே வந்தார்?

ஓய்வூதியர்:

தம்பி, உங்கள் ராக்கெட் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அந்தப் பணத்தைக் கொடுத்தது யார்? நாசா. விலையை முன்கூட்டியே நிர்ணயித்தது, கட்டம் கட்டமாகச் சோதித்தது, திருப்தியான பிறகே பணத்தை விடுவித்தது எல்லாம் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். யார்வின் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாரே, அவர்கள்தான். தலைக்கு மேல் ஒருவர் கேள்வி கேட்கிற இடத்தில் இருந்ததால் ஸ்பேஸ்எக்ஸ் நன்றாக வேலை செய்தது. அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு அதையே உதாரணம் காட்டுகிறீர்கள்.

கம்பெனியிலும் ராஜா கிடையாது. 1985-இல் ஸ்டீவ் ஜாப்ஸை ஓரங்கட்டி ஆப்பிளிலிருந்து வெளியேற வைத்தது அவர் கம்பெனியின் இயக்குநர் குழுவேதான்.

மூன்றாம் பெஞ்ச்:

ஓட்டுப் போட்டும் ரயில் வரவில்லை, ஆகவே ஓட்டை எடுத்துவிடலாம். சரி. எடுத்துவிட்டால் ரயில் வருமா?

நள்ளிரவு நிரலாளன்:

சீனாவில் வந்ததே.

மூன்றாம் பெஞ்ச்:

கட்டியது அரசுக் கம்பெனி. யார்வின் ஐயாவிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் நொந்துபோவார்.

தமிழினி:

'விலகிப் போகிறார்கள்' என்ற வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விலகி எங்கே போகிறார்கள்? யாரும் வாழாத இடம் என்று பூமியில் அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

கடல்மேல் ஊர் கட்டும் அமைப்புக்குத் தீல் ஆரம்பத்தில் 5 லட்சம் டாலர் கொடுத்தார். அவர்கள் நடுக்கடலுக்குப் போகவில்லை. 2017-இல் பிரெஞ்சு பொலினீசியா அரசோடு ஒப்பந்தம் போட்டு, அங்குள்ள அமைதியான காயலில் இடம் கேட்டார்கள். உள்ளூர் எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த வருடமே கதை முடிந்தது.

அடுத்தது ஹோண்டுராஸ். ரோவட்டான் தீவில் 'ப்ரோஸ்பெரா' என்று ஒரு தனி நிர்வாக நகரம். தீல், தொழில்நுட்ப முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் போன்றவர்களின் பணம் உள்ள நிதியம் ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. வரி, ஒழுங்குமுறை, வழக்குத் தீர்ப்பாயம் எல்லாம் தனி. அதற்கு வழிவிட்ட சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். முந்தைய வடிவத்தை 2012-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வருடம் டிசம்பரில் அந்த அமர்வின் நான்கு நீதிபதிகளை நாடாளுமன்றம் விடிவதற்குள் நீக்கியது (வேறொரு வழக்கின் தீர்ப்பும் அதற்குக் காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). 2013-இல் புதுச் சட்டம். அப்போது நாடாளுமன்றத் தலைவராக இருந்த ஹுவான் ஓர்லாண்டோ ஹெர்னாண்டஸ் பிறகு ஜனாதிபதியானார். போதைக் கடத்தல் வழக்கில் 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 45 ஆண்டுச் சிறை விதித்தது. 2025 டிசம்பரில் டிரம்ப் மன்னித்து விடுவித்தார்.

2022-இல் புதிய அரசு வந்ததும் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. ப்ரோஸ்பெரா என்ன செய்தது? சர்வதேசத் தீர்ப்பாயத்தில் 1,070 கோடி டாலர் வரை கேட்டு வழக்குப் போட்டது. அந்த நாட்டின் ஓராண்டு பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! பக்கத்தில் க்ராஃபிஷ் ராக் என்று ஒரு மீனவக் கிராமம். நிலம் பறிபோகுமோ என்று வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். விலகிப் போகும் வசதி கோடீஸ்வரருக்கு மட்டும்தான், அவர் வந்து இறங்கும் ஊர்க்காரனுக்கு அது கிடையாது.

நள்ளிரவு நிரலாளன்:

தமிழினி, உணர்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு நாட்டின் சட்டத்தை நம்பி ஒருவர் முதலீடு செய்தார். விதிகள் 50 வருடம் மாறாது என்ற உறுதி இருந்தது என்பது ப்ரோஸ்பெராவின் வாதம். அடுத்த அரசு காலை வாரியது. அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போனார். இதற்குப் பெயர் சட்டத்தின் ஆட்சி. ஏழை நாட்டில் வேலை வரட்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றமேதான் அழைத்தது.

தனி விதிகளோடு ஓர் ஊர் என்றால் பதறுகிறீர்களே, சிங்கப்பூர் என்ன? லீ குவான் யூ கண்டிப்போடு கட்டியதை உலகமே பாராட்டுகிறது. யார்வினும் அவரைத்தான் முன்மாதிரி என்கிறார்.

தமிழினி:

50 வருடம் யாரும் மாற்றக் கூடாது என்றால், அடுத்த இரண்டு தலைமுறையின் ஓட்டுக்கு அங்கே மதிப்பில்லை என்றுதானே அர்த்தம்? 2024 செப்டம்பரில் ஹோண்டுராஸ் உச்ச நீதிமன்றம் இந்தத் தனி மண்டலங்களே அரசமைப்புக்கு எதிரானவை என்றது. அதுவும் சட்டத்தின் ஆட்சிதான்.

சிங்கப்பூரைச் சொல்கிறவர்கள் அதை உள்ளே போய்ப் பார்ப்பதே இல்லை. குடியிருப்போரில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். சம்பளத்தில் ஒரு பகுதி சேமநிதிக்குக் கட்டாயமாகப் போகிறது. அரசு ஊழியர்களை லீ வீட்டுக்கு அனுப்பவில்லை, நாட்டிலேயே கெட்டிக்காரர்களைத் தேடி நல்ல சம்பளம் கொடுத்து உள்ளே இழுத்தார். வாக்களிப்பது கட்டாயம். 2011-இல் அல்ஜுனிட் தொகுதியில் வெளியுறவு அமைச்சரே தோற்றார். எதிர்க்கட்சிகளை அங்கே நெருக்கியது உண்மை, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் யார்வின் வரைந்து வைத்திருப்பது அந்த ஊரில்லை.

ஓய்வூதியர்:

கம்பெனி ஊர் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே பார்த்தாயிற்று. ரயில் பெட்டி தயாரித்த ஜார்ஜ் புல்மன் 1880-களில் சிகாகோவுக்கு அருகே தொழிலாளர்களுக்கென்று ஊரே கட்டினார். அழகான ஊர், நூலகம்கூட உண்டு. வீடு, கடை, தேவாலயக் கட்டடம் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். 1893 நெருக்கடியில் கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. கூலி கொடுப்பவரும் வாடகை வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? 1894-இல் வேலைநிறுத்தம் வெடித்தது, ராணுவம் வந்தது, ஆட்கள் செத்தார்கள். தொழிலுக்குத் தேவையில்லாத ஊர்ச் சொத்தை விற்றுவிடும்படி 1898-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்புறம் அலபாமாவில் சிக்கசா என்ற ஊர், கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். அங்கே நடைபாதையில் மதத் துண்டறிக்கை கொடுத்த ஒரு பெண்மணியை, இது தனியார் இடம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஊரின் சொந்தக்காரர் கம்பெனி என்பதற்காக, அங்கே வாழ்கிறவர்களின் பேச்சுரிமை போய்விடாது.

இந்தக் கணக்கெல்லாம் தீர்ந்துபோனது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2025 மே 3 அன்று டெக்சாஸில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் தளம் உள்ள 'ஸ்டார்பேஸ்' நகரமாக வேண்டுமா என்று ஓட்டெடுப்பு. 212 பேர் ஆம், 6 பேர் இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்பேஸ்எக்ஸில் வேலை செய்கிறவர்கள். போட்டியின்றி மேயராக வந்தவர் அந்தக் கம்பெனியின் துணைத்தலைவர்.

மூன்றாம் பெஞ்ச்:

அந்த ஆறு பேர் திங்கட்கிழமை ஆபீஸ் போனார்களா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

நள்ளிரவு நிரலாளன்:

ரகசிய ஓட்டு சார் அது. 212 பேர் சம்மதித்தால் உங்களுக்கு ஜனநாயகம் கசக்கிறது!

ஒன்று கேட்கிறேன். கலிபோர்னியாவின் சோலானோ மாவட்டத்தில் தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் சிலர் சேர்ந்து 50,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, வீட்டுப் பஞ்சம் தீர ஒரு புது நகரம் கட்டப் பார்த்தார்கள். அதையும் சர்வாதிகாரம் என்று கத்தினார்கள். புது யோசனை எது வந்தாலும் ஒரே முத்திரையா?

அகிலன்:

அதைச் சர்வாதிகாரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குவது யார் என்று 2023 ஆகஸ்ட் வரை வருடக்கணக்காக மறைத்தார்கள். கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதாக விவசாயிகள் மேல் 51 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஊர் கொதித்தது. பிறகு மக்கள் ஓட்டுக்குப் போகப் பார்த்து, ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் 2024 ஜூலையில் பின்வாங்கினார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. கேட்டார்கள், கிடைக்கவில்லை, நின்றார்கள். யார்வின் கனவில் இந்த 'கேட்பது' என்ற கட்டமே கிடையாது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 2025-இல் ஒரு முன்னோட்டம் பார்த்தோமே, அரசுச் செலவைக் குறைக்க வந்த மஸ்க்கின் 'டோஜ்' குழு. 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிப்பேன் என்று ஆரம்பித்தார். 800 கோடி டாலர் மிச்சம் என்று பட்டியலில் போட்ட ஓர் ஒப்பந்தம், பார்த்தால் வெறும் 80 லட்சம். அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பில் ஆட்களை நீக்கிவிட்டு, உடனே திரும்பக் கூப்பிடத் தேடினார்கள். அந்த நிதியாண்டில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவு குறையவில்லை, 7 லட்சம் கோடி டாலராகக் கூடியது.

நள்ளிரவு நிரலாளன்:

டோஜ் சொதப்பல். நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் செலவில் பெரும்பங்கு ஓய்வூதியம், மருத்துவம், வட்டி. அதைத் தொட நாடாளுமன்றம் வேண்டும். அரைகுறை அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு முழு விளைவைக் கேட்கிறீர்கள்.

ஓய்வூதியர்:

அரை அதிகாரத்திலேயே அணு ஆயுதக் காவலரை வீட்டுக்கு அனுப்பியவரிடம் முழுசாகக் கொடுங்கள் என்கிறீர்கள். நல்லது.

வரவு செலவு:

இரண்டு தரப்பும் எதிர்ப்பின் பலத்தைத் தப்பாக எடை போடுகிறீர்கள். 2025-இன் முதல் காலாண்டில் டெஸ்லா கொடுத்த வண்டிகள் 3,36,681, முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் குறைவு. ஒரு பங்கு வேலையைப் போராட்டம் செய்திருக்கலாம், மாடல் ஒய் காரின் புது வடிவத்துக்காகத் தொழிற்சாலைகள் நின்றதும் சேர்ந்தது. எவ்வளவுக்கு எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஷோரூம்களுக்குத் தீ வைத்தவர்கள் போராட்டத்துக்குச் செய்தது உபகாரம் இல்லை. கடைசியில் நவம்பரில் டெஸ்லா பங்குதாரர்கள் பதிவான ஓட்டில் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தந்து, இலக்குகளை எட்டினால் மஸ்க்குக்கு 1 லட்சம் கோடி டாலர் வரை கிடைக்கும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். தெருவில் தோற்றவர் போர்டு ரூமில் ஜெயித்தார்.

இன்னொன்று. கோடீஸ்வரப் பணம் ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை. முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸும் லிங்க்ட்இன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மனும் ஜனநாயகக் கட்சிக்குக் கொட்டியபோது இதே கோபம் எங்கே போனது?

தமிழினி:

கேள்வி நியாயம்தான். 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேர்தல் செலவுக் கதவைத் திறந்துவிட்டது இரண்டு பேருக்கும்தான். எனக்கு இரண்டுமே பிடிக்காது. ஆனால் ஓட்டை வாங்கப் பணம் கொட்டுவது ஒரு ரகம், ஓட்டே வேண்டாம் என்று எழுதுகிறவருக்குப் புரவலராக இருப்பது இன்னொரு ரகம்.

பலம் பற்றிச் சொன்னீர்கள். விஸ்கான்சினைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1, மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதி தேர்தல். மஸ்க்கும் அவர் ஆதரவு அமைப்புகளும் 2 கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். மேடையில் இரண்டு வாக்காளர்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் காசோலை கொடுத்தார். அவர் எதிர்த்த சூசன் கிராஃபர்ட் சுமார் 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். பங்குதாரர் கூட்டத்தில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. விஸ்கான்சினில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

வரவு செலவு:

ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு என்பதும் எல்லா இடத்திலும் இல்லை. மெட்டாவில் ஸக்கர்பெர்கின் பங்குகளுக்குத் தனி வலு, ஓட்டில் பாதிக்கு மேல் அவர் ஒருவர் கையில். ஜாப்ஸுக்கு 1985-இல் நடந்தது அவருக்கு நடக்காது, ஓய்வூதியர் ஐயா.

ஓய்வூதியர்:

அப்படியென்றால் என் பயம் இன்னும் கூடுகிறது, குறையவில்லை.

நள்ளிரவு நிரலாளன்:

ராஜா வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களிடம் ரயிலுக்கு ஒரு பதில் கூட இல்லையே. அதைச் சொல்லாதவரை யார்வின் மாதிரி ஆட்களுக்கு வாசகர்கள் குறைய மாட்டார்கள்.

தமிழினி:

ஒரு பதில் இருக்கிறது, சின்னதுதான். கலிபோர்னியாவில் 1970-இல் வந்த சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டத்தைக் காட்டித்தான் பல வீட்டுத் திட்டங்களை வழக்கில் முடக்கினார்கள். 2025 ஜூன் 30 அன்று, நகருக்குள் கட்டும் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்து ஆளுநர் கையெழுத்திட்டார். தேர்ந்தெடுத்த சட்டமன்றம் செய்த வேலை.

நள்ளிரவு நிரலாளன்:

55 வருடம் ஆயிற்று. ரயிலுக்கு?

ஓய்வூதியர்:

ரயிலுக்குத் தனி இழை போடுங்கள் தம்பி. நிலம் கையகப்படுத்தியது, குழாயும் மின்கம்பியும் மாற்றியது, ஆலோசனைக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கூலி எல்லாவற்றையும் அங்கே பிரித்துப் போடுவோம். அந்த ஆலோசகர்கள் எல்லாம் தனியார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.