புதுப்பிப்பு: அதிகம் ஓடாத ஸ்போர்ட்ஸ் கார், ஆறு மாதம் கழித்து

வாங்கிய புதிதில், "அதிகம் ஓடாத வண்டி, டயர்கூடத் தேயவில்லை, யோகம்தான்" என்று எழுதியிருந்தேன். டயரின் வயதைப் பாருங்கள் என்று இருவர் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது பார்த்தாகிவிட்டது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என்னுடையதில் 2314. அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் பூவெல்லாம் (தரையைப் பிடிக்கும் வரிகள்) அப்படியே இருந்தது, ரப்பர்தான் கல்லாக இறுகிவிட்டது. மழை ஈரத்தில் ஒரு வளைவில் கொஞ்சம்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின்சக்கர டிரைவ் வண்டி, பின்பக்கம் வழுக்கி அரைவட்டம் அடித்துத் தடுப்புக் கல்லில் மோதி நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. அலாய் வீல் ஒன்றும், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்மும் போயின. நான்கு டயர் காசை மிச்சம் பிடித்த லட்சணம் இது.

வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பிரேக் ஆயிலும் கறுத்திருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஓடாமல் நின்றாலும் கெடும். என் வண்டியில் இருக்கும் டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 தான். பிரேக் சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. இதை வைத்துக்கொண்டு ரேஸ் டிராக்கில் ஓட்ட முன்பதிவு வேறு செய்திருந்தேன்!

சரி, விற்கப் போகிறாயா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. வீல் வந்து சேர இன்னும் மூன்று வாரமாம்.