புதுப்பிப்பு: ஜெபித்துவிட்டுப் போனவர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க என்ன வழி?

எங்கள் சர்ச் உபவாச ஜெபத்தில் (உண்ணாநோன்பிருந்து ஜெபிக்கும் கூட்டம்) முன்னால் வந்து ஜெபித்துக்கொள்பவர்கள் அடுத்த வாரமே காணாமல் போகிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வந்தவருக்காக ஜெபித்தவரே இரண்டு நாளுக்குள் அவரை போனில் கூப்பிடட்டும்" என்ற யோசனை. வந்தவரின் விவரம் எழுதிய அட்டை சர்ச் ஆபீசுக்குப் போனால் முகம் தெரியாத யாரோ கூப்பிடுவார். அவரிடம் வந்தவர்கள் மனம் திறக்க மாட்டார்கள். இப்போது ஜெபம் முடிந்த கையோடு பெயர், நம்பர், ஜெபக்குறிப்பு (எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது), கூப்பிட வசதியான நேரம் எழுதிக்கொள்கிறோம். பெண்களைப் பெண்களே கூப்பிடுகிறார்கள். முதல் கேள்வி "சர்ச்சுக்கு வருவீங்களா?" இல்லை, "அம்மாவுக்கு ஸ்கேன் ரிசல்ட் வந்துச்சா?"

அவர்களுக்கு வாசிக்கச் சொல்வது பைபிளில் உள்ள யோவான் சுவிசேஷம்: 21 அதிகாரம், தினம் ஒன்று, மூன்று வாரம்.

எதிர்பாராதது: பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் நடை புதியவர்களுக்குத் தட்டுகிறது, ஆடியோவில் கேட்டால் ஓடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்க்காதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.