வயலூர் தாத்தா குடும்பம்: பிரவீன் வண்டி விஷயம்

மாலதி: எல்லாரும் பாருங்க. பிரவீன் நேத்து பெங்களூர் போய் ஒரு பழைய பெரிய பைக் ஓட்டிப் பாத்துட்டு வந்திருக்கான். எஞ்சின் சூட்டுல வலது தொடை உள்பக்கம் முழங்கால் வரைக்கும் செவசெவன்னு இருக்கு. இன்னிக்கு 6 மணிக்குள்ள 25,000 டோக்கன் அட்வான்ஸ் போடணுமாம். யாராவது இவன்கிட்ட சொல்லுங்க

பிரவீன்: அம்மா இதை ஏன் குரூப்ல போட்ட

மாலதி: வீட்ல சொன்னா கேக்கறியா

வசந்தா: பேஸ்ட் தடவுடா கண்ணு

நித்யா: அத்தை பேஸ்ட் வேணாம். கொப்புளம் இருக்கா அண்ணா?

பிரவீன்: இல்ல. செவப்பு மட்டும்

நித்யா: சுட்ட உடனே குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டியிருக்கணும். ஐஸ், பேஸ்ட், மஞ்சள் எதுவும் கூடாது. இப்ப மாய்ஸ்சரைசர் போதும். ஆனா தினமும் அதே இடத்துல சூடு பட்டுட்டே இருந்தா தோல் வலை வலையா கருத்துப்போகும். அது லேசுல போகாது

சுந்தரம்: என்ன வண்டி? எத்தனை சிசி?

பிரவீன்: ரெண்டு சிலிண்டர் பெரியப்பா. ஆயிரத்துக்கு மேல. 2019 மாடல். செகண்ட் ஓனர்

சுந்தரம்: ஆயிரமா

அகிலா: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு இலை எத்தனைன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ். காலைல இருந்து கேக்கறேன்

குமார்: வண்டி கர்நாடகா நம்பரா?

பிரவீன்: ஆமா மாமா

குமார்: அப்ப ஃபார்ம் 28 என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, அங்கருந்து வாங்கித் தரணும். லோன் இருந்தா அது முடிஞ்சதுக்கு ஃபார்ம் 35. பேர் மாத்த 29, 30. தமிழ்நாட்டு வரி திரும்பக் கட்டணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உன் பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். இதெல்லாம் கேட்டியா

பிரவீன்: என்.ஓ.சி. அப்புறம் தரேன்னாரு

குமார்: அப்புறம்னா எப்ப

தினேஷ்: மாப்ள எங்க ஓட்டின? எவ்வளவு நேரம்?

பிரவீன்: சில்க் போர்டுல இருந்து ஹெப்பால் வரைக்கும் அத்தான். சாயங்காலம். ஒன்னே கால் மணி நேரம் ஆச்சு. மீட்டர்ல 104 டிகிரி காட்டுச்சு. வண்டி கொதிக்குதோன்னு பயந்துட்டேன். ஃபேன் விடாம ஓடுது

தினேஷ்: 104ன்னா கொதிக்கலை. கூலண்ட், அதான் எஞ்சினைக் குளிர வெக்கற திரவம், தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து இருந்தா ரேடியேட்டர் மூடி இல்லாமலே 106, 107ல தான் கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிச்சு வெக்கறதுனால 125 வரைக்கும் தாங்கும். பெரும்பாலான வண்டில ஃபேன் 100 கிட்ட தான் போடும். 115 தாண்டி செவப்பு விளக்கு எரிஞ்சா மட்டும் ஓரமா நிறுத்தணும். அதனால எஞ்சினுக்கு ஒன்னும் ஆகலை. உன் கால்தான் பிரச்சனை. அது ஏன்னு சொல்றேன்

தினேஷ்: பெட்ரோல் எரியற சக்தில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகுது. மீதி ரெண்டு பங்கு சைலன்சர் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும் சூடாத்தான் வெளிய வரும். சிக்னல்ல நிக்கும்போது சக்கரத்துக்கு ஒன்னுமே போகாது. எரியறது மொத்தமும் சூடு. நிக்கும்போதே பெரிய எஞ்சின் அதிகமா எரிக்கும், அதனால சூடும் அதிகம். ஓடும்போது காத்து முன்னாடி இருந்து ரேடியேட்டர்ல அடிச்சு அந்த சூட்டைத் தள்ளிடும். நின்னா ஃபேன் தான் இழுக்கணும். ஃபேன் இழுக்கற காத்து ரேடியேட்டருக்குப் பின்னாடி எங்க போகும்? எஞ்சின் மேல பட்டு டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா மேல ஏறும். அங்கதான் உன் தொடை இருக்கு

வசந்தா: இவ்வளவு பெருசா எழுதினா யாருப்பா படிக்கறது

தினேஷ்: பிரவீன் படிக்கட்டும்ங்க. இன்னொரு விஷயம். பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எஞ்சினுக்குப் பக்கத்துலயே வெக்கறாங்க, சீக்கிரம் சூடானாத்தான் புகையைச் சுத்தம் பண்ணும். அது வேலை செய்ய 300 டிகிரி கிட்ட சூடாகணும். பல வண்டில வலது கெண்டைக்கால் பக்கம் அது இருக்கும். நீ குனிஞ்சு பாத்தியா பைப் எந்தப் பக்கமா போகுதுன்னு?

பிரவீன்: இல்ல அத்தான்

மாலதி: பாத்தீங்களா. கலர் மட்டும் பாத்திருக்கான்

அகிலா: 150 இலை போதுமா 200 சொல்லவா

வசந்தா: 200. கோயில்ல வர்றவங்களும் உக்காருவாங்க

சுந்தரம்: 150 போதும். போன தடவை 40 இலை வாடிப் போச்சு

வசந்தா: அண்ணே உங்களுக்கு எல்லாத்துலயும் கணக்கு. அப்பாவோட புல்லட்டையும் இப்படித்தான் கணக்குப் பாத்து வித்தீங்க

சுந்தரம்: அது கிணறு வெட்ட வித்தது. ஊருக்கே தெரியும்

வசந்தா: எங்களைக் கேட்டீங்களா?

மாலதி: வசந்தா இப்ப அது வேணாம்மா

குமார்: பிரவீன் உன் லிஸ்ட்ல வேற என்ன இருக்கு அதைச் சொல்லு

பிரவீன்: புதுசுன்னா ஹிமாலயன் 450. கொஞ்சம் இழுத்துப் புடிச்சா ஹோண்டா ட்ரான்ஸ்ஆல்ப் 750 இல்ல சுசுகி வி-ஸ்ட்ராம் 800 டிஈ. பழசுன்னா பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்

குமார்: 350 சிசிக்கு மேல 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். லட்ச ரூபாய் விலைக்கு மேல போற வண்டிக்கு தமிழ்நாட்டு வரி 12 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் பாத்து கணக்குப் போடாத

தினேஷ்: மாப்ள உன் உயரம் என்ன, ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர்?

பிரவீன்: 5 அடி 6. வேளச்சேரில இருந்து சிறுசேரி 24 கிலோமீட்டர். வருஷத்துல ரெண்டு பெரிய ரைடு. அடுத்த ஜூன்ல லடாக்

தினேஷ்: அப்ப வருஷத்துல 220 நாள் ஆபீஸ் போற ஓஎம்ஆர் ரோடு, 20 நாள் லடாக். ஓஎம்ஆருக்குத் தான் வண்டி வாங்கணும். நீ லடாக்குக்கு வாங்கற

பிரவீன்: ஹைவேல பவர் வேணும்ல அத்தான்

தினேஷ்: கேளு. ஹிமாலயன் 450 ஒத்தை சிலிண்டர், 452 சிசி, 40 பிஎஸ் பவர், 196 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர், 17 லிட்டர் டேங்க். லிக்விட் கூலிங் தான், ஆனா எரிக்கறதே கம்மி, சூடும் கம்மி. 100ல நாள் பூரா போகும். 120க்கு மேல வெச்சா சத்தமும் அதிர்வும் தெரியும். ட்ரான்ஸ்ஆல்ப் 755 சிசி, ரெண்டு சிலிண்டர், 208 கிலோ, சீட் 850. வி-ஸ்ட்ராம் 776 சிசி, 230 கிலோவுக்கு மேல, சீட் 855, டேங்க் 20 லிட்டர். உன் உயரத்துக்கு 855ல ரெண்டு காலும் தட்டையா ஊனாது, நுனிக்கால்தான் படும். டிராஃபிக்ல நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் ஊனணும். நுனிக்கால்ல நின்னா தொடை டேங்கோட ஒட்டித்தான் இருக்கும். சூடு அதிகமா ஏறும். உயரமும் சூடும் ஒன்னோட ஒன்னு கோத்தது, இதை யாரும் சொல்றதில்ல

நித்யா: அத்தான் இது சூப்பர் பாயிண்ட்

தினேஷ்: ஜிஎஸ் 1250 பாக்ஸர் எஞ்சின். சிலிண்டர் ரெண்டும் பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கும், அதனால தொடைக்கு சூடு வராது, முழங்காலுக்குக் கீழதான் தெரியும். 1,254 சிசிக்கு அது நல்ல அமைப்பு. ஆனா 249 கிலோ. பார்க்கிங்ல சாஞ்சா ஒத்தை ஆளா தூக்கணும். இன்னொரு பக்கம் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4ல சிக்னல்ல நின்னா பின்பக்க ரெண்டு சிலிண்டரை வண்டியே அணைச்சுடும். கம்பெனிக்காரனே இதுக்குன்னு வழி பண்ணி வெக்கறான்னா சூடு எவ்வளவு பெரிய விஷயம்னு பாத்துக்க

சுந்தரம்: மாப்பிள்ளை சொல்றதுல அர்த்தம் இருக்கு

மாலதி: மாப்பிள்ளை நீங்களே சொல்லிடுங்க எதுன்னு

தினேஷ்: அத்தை, தினம் இந்த ஒரு வண்டிதான்னா 450. ஆபீஸுக்கு வேற ஸ்கூட்டர் இருந்து இது ரைடுக்கு மட்டும்னா ட்ரான்ஸ்ஆல்ப். ஆயிரத்துக்கு மேல இப்ப வேண்டாம்

பிரவீன்: நித்யா ஸ்கூட்டர் சும்மாதானே நிக்குது

நித்யா: எனக்கு நைட் டியூட்டி இருக்கு. தர முடியாது

பிரவீன்: வாரத்துல மூணு நாள்

நித்யா: முடியாது

வசந்தா: குடு டி அண்ணன் தானே

நித்யா: அத்தை நீங்க உள்ள வராதீங்க

பிரவீன்: அத்தான் சூட்டைக் குறைக்க பைப்புக்குத் துணி சுத்தறாங்களே, வீடியோ பாத்தேன். அப்படிச் செஞ்சா பெரிய வண்டியே எடுக்கலாம்ல?

தினேஷ்: அந்த ராப் நம்ம ஊருக்கு வேண்டாம். மழைல நனைஞ்சா ஈரத்தைப் புடிச்சு வெச்சு துணிக்கு அடிலயே பைப் துரு ஏறும், ரெண்டு வருஷம் கழிச்சு பிரிச்சா பொத்தல். செராமிக் கோட்டிங் நல்லது, ஆனா பைப்பைக் கழட்டித்தான் போடணும், வண்டில வெச்சு ஸ்பிரே அடிக்கறது நிக்காது. அலுமினிய ஃபாயில் ஒட்டின இன்சுலேஷன் ஷீட்டை டேங்குக்கு அடில, பக்கப் பேனலுக்கு உள்பக்கம் ஒட்டலாம். ஒயரிங்கையும் காத்துப் போற வழியையும் அடைக்கக் கூடாது. டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல சந்து இருந்தா ரப்பர் பட்டை வெச்சா தொடைக்கு வர்ற காத்து திரும்பும். இதெல்லாம் சேந்தா கொஞ்சம் குறையும். மீதி எஞ்சின் அமைப்பு, அதை வாங்கின பிறகு மாத்த முடியாது

பிரவீன்: கன்வெர்ட்டரை எடுத்துட்டா?

தினேஷ்: அதைப் பண்ணாத. சட்டப்படி தப்பு, வாரண்டி போகும், எஃப்சிலயும் புகை டெஸ்ட்லயும் மாட்டும். சென்சாரை ஏமாத்தற பொட்டியும் வேண்டாம்

அகிலா: ஐயோ இலை

சுந்தரம்: 175 சொல்லும்மா

தினேஷ்: பழைய வண்டி பாக்கும்போது ரேடியேட்டரை முன்னாடி டார்ச் அடிச்சுப் பாரு. சேறும் பூச்சியும் அடைச்சிருந்தா காத்து போகாது. வாட்டர் வாஷ்ல பிரஷர் அடிச்சு சீப்புப் பல் மாதிரி இருக்கற தகடு மடங்கியிருந்தாலும் அதே கதைதான். கழுவறதுன்னா சாதா ஹோஸ் தண்ணி, பின்னாடி இருந்து முன்னாடி, மெத்துனு பிரஷ். ரேடியேட்டருக்கு முன்னாடி சின்னக் கண்ணி வெச்ச வலைக் கார்டு மாட்டினா காத்து குறையும், கண்ணி பெருசா இருக்கணும்

தினேஷ்: கூலண்ட் பாட்டில்ல கோடு ரெண்டுக்கு நடுவுல இருக்கணும், வண்டி ஆறின பிறகு பாக்கணும். சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகத்துல அடிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். நம்ம திருச்சி போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு குழாய் அடைக்கும். கேன் தண்ணியும் ஆகாது. டிஸ்டில்ட் தண்ணில கலக்கணும், இல்லாட்டி ரெடிமிக்ஸ் கூலண்ட் ஊத்தணும். டெம்பரேச்சர் ஏறுது ஃபேன் போடலைன்னா முதல்ல ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் ஃபேன் கனெக்டர் சாக்கெட்டுல துரு. பத்துல ஏழு தடவை இதுதான் என் பட்டறைக்கு வருது

குமார்: நீ எழுதறதை நான் சேவ் பண்ணி வெக்கறேன் மாப்ள

தினேஷ்: டிராஃபிக்ல ஓட்டறதுக்கும் ஒரு வழி இருக்கு. அரை கிளட்ச்ல தேச்சுட்டே போனா கிளட்ச் பிளேட் சூடு முழுக்க எஞ்சின் ஆயில்ல ஏறும். முன்னாடி வண்டிக்கு இடம் விட்டு, முதல் கியர்ல கிளட்சை முழுசா விட்டு ஐடில்ல உருட்டு. அரை நிமிஷத்துக்கு மேல சிக்னல்னா அணை. அணைச்ச பிறகு ஃபேன் ஓடினா ஓடட்டும். அணைச்ச உடனே டிகிரி நாலஞ்சு ஏறும், அது சகஜம். சூடான எஞ்சின்ல தண்ணி மட்டும் ஊத்தாத

நித்யா: டிரஸ் சொல்லுங்க அத்தான். டிராக் பேண்ட்ல போறான்

மாலதி: நேத்தும் அதுதான் போட்டிருந்தான்

தினேஷ்: அதான் சுட்டிருக்கு. பாலியஸ்டர் பைப்புல பட்டா உருகி தோல்ல ஒட்டும். முழங்கால் உள்பக்கம் லெதர் வெச்ச ரைடிங் பேண்ட் வேணும். முழு மெஷ், அதான் வலைத்துணி பேண்ட், ஓடும்போது குளிர்ச்சி, நின்னா எஞ்சின் சூட்டை நேரா உள்ள விடும். கணுக்கால் மூடற பூட்ஸ்

பிரவீன்: டெஸ்ட் ரைடு எப்படிக் கேக்கறது? ஷோரூம்ல 2 கிலோமீட்டர்தான் விடுவாங்க

தினேஷ்: மதியம் 1 மணிக்குப் போ. காலைல குளிர்ல ஓட்டினா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஓட்டி முடிச்சு வாசல்ல நியூட்ரல்ல விட்டு ஃபேன் ரெண்டு தடவை போட்டு அணையற வரைக்கும் உக்காரு. அப்ப உள்ளங்கையைத் தொடைக்கும் டேங்குக்கும் நடுவுல வெய்யி, முழங்கால் கிட்ட வெய்யி, கெண்டைக்கால் கிட்ட வெய்யி. ஃபேன் காத்து வெளிய திரும்புதா உன் மேல வருதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். ரைடிங் பேண்ட்ல ஒரு தடவை, சாதா பேண்ட்ல ஒரு தடவை

சுந்தரம்: கத்திரி வெயில்ல பாத்தா இன்னும் தெரியும்

தினேஷ்: ஆமாங்க மாமா. நூத்துல ஒரு வார்த்தை

பிரவீன்: லடாக்குக்கு 450 போதுமா அத்தான்

தினேஷ்: தாராளமா. மேல ஏற ஏற காத்து மெலிசாகும், எந்த வண்டிக்கும் பவர் குறையும். அங்க எடைதான் முக்கியம், சேத்துல ஓடைல விழுந்தா தூக்கறது நீதான். முதுகை சீட்டுல சாச்சு, ஹேண்டிலை முழுசா மடக்கி, காலால பின்னாடி தள்ளிட்டே நடக்கணும். 196 கிலோவை நீ தூக்குவ. 249 யோசிக்கணும். மணாலி பாதைல தண்டிங்கற ஊர் பெட்ரோல் பங்க் தாண்டினா லே பக்கம் வர்ற வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல பங்க் கிடைக்கறது கஷ்டம். 17 லிட்டர் தாங்கும், இருந்தாலும் கேன் வெச்சுக்க

வசந்தா: அப்பா இருந்திருந்தா புல்லட்லயே போயிருப்பார்

சுந்தரம்: அந்த ஆர்.சி. புக் இன்னும் என் பீரோல இருக்கு வசந்தா. ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்

வசந்தா: நிஜமாவா அண்ணே

குமார்: மணி 5:20. டோக்கன் என்னாச்சு

பிரவீன்: அவர் ரெண்டு தடவை கூப்ட்டுட்டார். என்.ஓ.சி. கைல வந்தா பேசறேன்னு சொல்லிருக்கேன்

மாலதி: வேணாம்னு சொல்லுடா

பிரவீன்: சனிக்கிழமை 1 மணிக்கு கிண்டில 450 டெஸ்ட் ரைடு புக் பண்ணிட்டேன். அதைப் பாத்துட்டு சொல்றேன் அம்மா

தினேஷ்: ட்ரான்ஸ்ஆல்ப்பையும் அதே நாள் பாரு. அதே வெயில்ல, அதே பேண்ட்ல

பிரவீன்: சரி அத்தான். நித்யா ஸ்கூட்டர்?

நித்யா: ஞாயித்துக்கிழமை பேசலாம்

அகிலா: இலைக்காரர் லைன்ல இருக்கார். 175ஆ 200ஆ?