80 குதிரை ஜிப்சிக்கு முதலில் எது: இன்ஜினா, கியரா, டயரா?

ஏலத்தோட்டம்:
வணக்கம். என்னிடம் 2004 மாடல் ஜிப்சி கிங் இருக்கிறது. சாஃப்ட் டாப், எம்பிஎஃப்ஐ இன்ஜின். வீடு போடியில், ஏலத்தோட்டம் போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம். தார் ரோடு முடிந்த பிறகு தோட்டம் வரைக்கும் செம்மண் பாதைதான். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. மழை பிடித்துவிட்டால் ஆட்களோடும் உரமூட்டையோடும் கடைசி ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரத்துக்கும் பலம் போகும் மெதுவான ரேஞ்ச்) போட்டு, முதல் கியரில் மிதித்தாலும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு பட்டறையில் பலேனோ 1.6 இன்ஜினை வைத்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பெரிய டயர் போட்டாலே போதும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

கோவைரேலி:
இன்ஜின்தான். யோசிக்கவே வேண்டாம். ஜிப்சியில் இருக்கும் ஜி13பிபி இன்ஜின் 1,298 சிசி, 80 குதிரைத்திறன். ஆனால் அந்த 80 வருவது 6,000 ஆர்பிஎம்மில். டார்க், அதாவது சுழற்றும் விசை, 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500-க்குப் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். ஏற்றத்தில் மூட்டையோடு 1,500, 2,000-இல் ஊர்ந்து போகும் வண்டிக்கு இதனால் என்ன பயன்? அடியில் புல்லிங்கே கிடையாது. போதாததற்கு உயரம் வேறு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் பலம் இழக்கும். உங்கள் தோட்டம் ஆயிரம் மீட்டருக்கு மேலேதான் இருக்கும். பழைய பலேனோவின் ஜி16பி 1,590 சிசி, அதே குடும்பத்து இன்ஜின். ரேலி வண்டிகளில் எத்தனையோ பேர் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் திரும்பி 1.3-க்கு வர மனசு வராது.

நால்சக்கரம்:
கோவைரேலி அண்ணா சொல்லும் எண்கள் எல்லாம் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வி கேட்டவரே பதிலையும் எழுதியிருக்கிறார்: "முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் சும்மா சுற்றுகிறது." சக்கரம் சுற்றுகிறது என்றால் இன்ஜினில் பலம் மிச்சம் இருக்கிறது, மண்ணில் பிடிப்புத்தான் இல்லை. ஓப்பன் டிஃபரன்ஷியலில் (இடது, வலது சக்கரத்துக்குப் பலத்தைப் பிரிக்கும், பூட்டு இல்லாத டிஃப்) பிடிப்பு இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்ற சக்கரத்துக்கும் போய்ச் சேரும். அங்கே 1.6 இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தால் அதே சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றிக் குழி தோண்டும்.

அடுத்தது கியர். இன்ஜின் தரும் டார்க்கை முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஹை, லோ ரேஞ்ச் மாற்றும் பெட்டி), டிஃப் மூன்றும் பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. ஜிப்சி கிங்கில் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் லோ 2.268. டிஃபையும் சேர்த்துப் பெருக்கினால் முப்பதைச் சற்றுத் தாண்டும். பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்து ஏற இது குறைவு. வெளிநாடுகளில் சாமுராய் (ஜிப்சியின் உடன்பிறப்பு வண்டி) வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பதே இங்கேதான். லோ ரேஞ்சுக்கு 4.16 விகித கியர் செட் போடுவார்கள். அதே கணக்கு 55-க்கு மேல் போய்விடும். அதே 1.3 இன்ஜின்தான், சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த இன்ஜின் மாற்றத்திலும் இது வராது.

கோவைரேலி:
தம்பி, 4.16 கியர் செட்டை இறக்குமதி செய்து, சுங்கம் கட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த ஆளையும் தேடிப் பிடித்தால் அவருடைய ஒன்றரை லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும்? அது லோ ரேஞ்சில் மட்டும்தான் உதவும். போடிமெட்டு ஏற்றம் முழுக்கத் தார் ரோடு. அங்கே லோ போட்டு ஓட்ட முடியுமா? மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது இரண்டாவது கியரில் வண்டி செத்துப்போகுமே, அதற்கு என்ன வழி? அவர் தினசரி ஓட்டுவது அந்த ரோட்டில்தான். செம்மண் பாதை கடைசிக் கொஞ்ச தூரம்.

இன்னொன்றும் சொல்கிறேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் மஹிந்திரா ஜீப்புகளைப் பாருங்கள். அறுபதை ஒட்டிய குதிரைத்திறன்தான், ஜிப்சியைவிடக் குறைவு. ஆனாலும் ஆள் நிரப்பிக்கொண்டு அந்தக் கல்பாதையில் ஏறுகின்றன. காரணம் இரண்டரை லிட்டர் டீசல், அடியிலேயே டார்க். இன்ஜின் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நால்சக்கரம்:
உங்கள் சாட்சி எனக்கும் சாட்சிதான் அண்ணா. குதிரைத்திறன் குறைவாக இருந்தும் ஏறுகிறது என்றால் மலைக்கு வேண்டியது குதிரைத்திறன் இல்லை, சக்கரத்தில் வந்து சேரும் டார்க். டீசலில் அது இன்ஜினிலிருந்தே வருகிறது. பெட்ரோலில் கியரால் கொண்டுவரலாம்.

இறக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏறினால் இறங்கியாக வேண்டும், அதுவும் ஏலக்காய் மூட்டையோடு. முப்பது விகிதத்தில் 1.3 பெட்ரோல் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, ஓடிக்கொண்டே இருக்கும். கால் பிரேக்கிலேயே கிடக்கும், பின் டிரம் சூடேறும். கியர் ஆழமாக இருந்தால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம். 1.6 இன்ஜின் ஏறும்போது உதவுவதில் பாதிகூட இறங்கும்போது உதவாது. ஆள் ஏற்றிக்கொண்டு மலையில் போகிற வண்டிக்கு எனக்கு இதுதான் முதல் கவலை.

பழையஸ்பேனர்:
இரண்டு பேரும் நன்றாக வாதாடுகிறீர்கள். வண்டிக்கு இருபது வயது ஆகிவிட்டது என்பதை யாருமே கேட்கவில்லை. அந்த 80 குதிரையில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கிறது? சார், காசு செலவழிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்பிரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் அளவு) எடுங்கள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது? ஒரு பல் தாவியிருந்தாலே பாதிப் புல்லிங் போய்விடும். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்திருந்தால் வண்டி மூச்சு விட முடியாமல்தான் ஓடும். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூட்டையோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் அதுதான்.

அப்புறம் செலவே இல்லாத ஒரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். என் பட்டறைக்குப் புல்லிங் இல்லை என்று வருகிற பழைய ஜிப்சியில் பாதிக்கு வியாதி, சக்கரத்தை விடாமல் பிடித்திருக்கும் பிரேக்தான்.

ஏலத்தோட்டம்:
சார் சொன்னபடி இன்று காலை ஜாக்கி வைத்துப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் லேசாகச் சுற்றுகின்றன. பின் வலது பரவாயில்லை. பின் இடது சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினால் கால் சுற்று போய் நின்றுவிடுகிறது, உள்ளே கரகரவென்று சத்தம். பிரேக் டிரம்மைக் கழற்றினேன். வீல் சிலிண்டரில் ஒரு பக்கப் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, ஷூ டிரம்மில் ஒட்டியபடியே தேய்ந்திருக்கிறது. டிரம்மின் உள் விளிம்பு நீலம் பாரித்திருக்கிறது. வீல் சிலிண்டர், ஷூ இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். கம்பிரஷன் அடுத்த வாரம் எடுக்கிறேன்.

பழையஸ்பேனர்:
நீலம் பாரித்த டிரம்மைத் திரும்பப் போடாதீர்கள். புதுசு வாங்குங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் ஷூ மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கோவைரேலி:
நல்ல வேளை, கண்டுபிடித்தீர்கள். ஆனால் பிரேக் பிடித்திருந்தது ஒரு காரணம், அவ்வளவுதான். 103 நியூட்டன் மீட்டர் அதே 103-தான். என் கருத்தில் மாற்றம் இல்லை.

தேவிகுளம்ரோடு:
கேரளத்துக்குள் ஓட்டுகிற வண்டி என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது, அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். 1.3 என்று ஆர்சி-யில் இருக்கிற வண்டியில் 1.6 இன்ஜின் எண் இருந்தால் எஃப்சி-க்கு என்ன சொல்வீர்கள்? பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போயாக வேண்டுமே. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரிக்க வழி இருக்கிறது. தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிறவர் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோவைரேலி:
சட்டம் எனக்கும் தெரியும். மூடிய மைதானத்தில் ஓடும் ரேலி வண்டிக்கு இது பிரச்சினை இல்லை, ரோட்டு வண்டிக்குப் பிரச்சினைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே 52-ஆம் பிரிவு வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்கும் பெரிய டயருக்கும் இல்லையா? ஃபெண்டரைத் தாண்டி டயர் துருத்தினால் முதல் செக்போஸ்ட்டிலேயே நிறுத்துவார்கள். இன்ஜினைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், டயர் தூரத்திலேயே தெரியும்.

தேவிகுளம்ரோடு:
தெரியாது என்பதற்காகச் செய்யலாம் என்று ஆகாது. டயரிலும் அளவோடு இருக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மேஜர்ஜீப்:
டயர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எல்லோரும் அகல டயர், அகல டயர் என்கிறீர்கள். இடுக்கியில் பழைய ஜீப்புகள் 6.00-16 ஒல்லி டயரில்தான் வருடக்கணக்காக ஓடுகின்றன. மேலே நாலு விரல் சேறு, அடியில் கெட்டி மண் என்று இருக்கும் பாதையில் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து பக்கவாட்டில் சறுக்கும். சதுப்பிலும் மணலிலும்தான் அகலம் உதவும். உங்கள் பாதையில் அடி கெட்டியா என்று மழை நாளில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள் சார்.

நால்சக்கரம்:
மேஜர்ஜீப் சொல்வது இந்தப் பாதைக்குப் பொருந்தும். நானும் 235/75 R15 வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணக்குப் பாருங்கள்: கம்பெனி டயர் 205/70 R15, விட்டம் 668 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733. தரை இடைவெளி 3 சென்டிமீட்டர் கூடும், ஆனால் கியர் எல்லாம் பத்து சதவீதம் நீண்டுவிடும். புல்லிங் இல்லை என்று அழுகிற வண்டியில் இன்னும் புல்லிங் போகும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது 55-இல் போவீர்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உரசும், அதற்கு லிஃப்ட் வேண்டும். ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கி) நீட்டி லிஃப்ட் செய்தால் முன் ஆக்சிலின் சாய்வு, அதாவது காஸ்டர் கோணம் மாறி, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டே போகும்.

215/75 R15 மட் டயர் போட்டால் விட்டம் 703, ஐந்து சதவீதம்தான் வித்தியாசம். அகலமும் பெரிதாகக் கூடாது. செம்மண்ணுக்கு ஆல் டெரெய்ன் வேண்டாம், பள்ளமெல்லாம் மண் அடைத்து மொழுக்கென்று ஆகிவிடும். தார் ரோடு முடிகிற இடத்தில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், திரும்பும்போது ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர். இந்த மொத்தப் பட்டியலிலேயே காசுக்கு அதிகப் பலன் தருவது அதுதான்.

கோவைரேலி அண்ணா கேட்ட தார் ரோட்டுக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பழைய 970 சிசி ஜிப்சியின் (410 மாடல்) டிரான்ஸ்ஃபர் கேஸ். ஹையில் 1.409-க்குப் பதில் 1.580, லோவில் 2.268-க்குப் பதில் 2.511. இரண்டு ரேஞ்சிலும் இழுவை பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடும். 215/75 டயர் தின்றதைத் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் மிச்சமும் கிடைக்கும். சுசுகி பாகமே, வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை.

கோவைரேலி:
இந்த யோசனை நல்ல யோசனை. ஆனால் மிச்சம் என்பது ஆறேழு சதவீதம்தான் தம்பி, கொண்டை ஊசியில் அவர் உணர்வாரா என்று எனக்குச் சந்தேகமே. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் சத்தமும் கூடும், பெட்ரோலும் கூடும். வாங்கும் முன் ஃபிளாஞ்ச் துளைகள் பொருந்துகின்றனவா என்று பிராப்பல்லர் ஷாஃப்ட்டை வைத்தே பாருங்கள். ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது, அதன் பல்சக்கரமும் வேறாக இருக்கும். அப்புறம் அந்தச் சக்கரம் சும்மா சுற்றுவதற்கு இன்னும் யாரும் மருந்து சொல்லவில்லையே?

நால்சக்கரம்:
பின் டிஃபுக்கு லாக்கர், இரண்டு பின் சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கும். காற்றில் இயங்கும் வகை வேண்டும்போது மட்டும் பூட்டும், விலை அதிகம். தானாகப் பூட்டும் வகை மலிவு, ஆனால் தார் ரோட்டு வளைவில் டக் டக்கென்று அடிக்கும், மழையில் பின்பக்கம் உதறும். பதினேழு கொண்டை ஊசியில் தினமும் ஏறுகிறவருக்குத் தானியங்கியை நான் சொல்ல மாட்டேன். டயரும் காற்றும் சரிசெய்த பிறகும் சக்கரம் சுற்றினால், காசு சேர்த்து முதல் வகையை வாங்கட்டும்.

ஏலத்தோட்டம்:
பிரேக் வேலை முடிந்துவிட்டது. மூட்டையில்லாமல் மெட்டு வரை போய்ப் பார்த்தேன், இரண்டாவது கியரில் இழுக்கிறது, முன்பு முதல் கியருக்கு மாற்ற வேண்டிய இடத்திலும். கம்பிரஷனில் மூன்று சிலிண்டர் ஒரே அளவு, நான்காவது கொஞ்சம் கம்மி. வால்வ் கிளியரன்ஸ் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார்கள். தோட்டப் பாதையில் கம்பி குத்திப் பார்த்தேன் மேஜர் சார், ஐந்தாறு விரலுக்குக் கீழே கெட்டிதான். 215/75 மட் டயர் விலை கேட்டிருக்கிறேன். 410 டிரான்ஸ்ஃபர் கேஸ் யாரிடமாவது நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள். கோவைரேலி அண்ணா, 1.6 இன்ஜின் இப்போதைக்கு வேண்டாம்.

கோவைரேலி:
சரி தம்பி, வண்டி உங்களுடையது. கேஸ் கிடைத்தால் உள்ளே பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றாமல் ஏற்றாதீர்கள். பழைய 410 கேஸில் இன்புட் பேரிங் முனகும், லோவில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது நன்றாகவே கேட்கும்.